கறுவாக் குழலுக்குள் இருந்த துண்டுகள்

அடுத்தவர் பேச்சைப் பேசித்தான் நான் பிழைக்கிறேன். தமிழ்க்காரர் சொல்வதைத் தெலுங்கில், தெலுங்குக்காரர் சொல்வதைத் தமிழில், இருவர் சொல்வதையும் ஹைதராபாத் உருதுவான தக்கனியில். எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. பத்தாவதோடு சரி. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸில் வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, குழாயடியில் தக்கனி. தண்ணீர்ச் சண்டையில் ஜெயிக்க மூன்றும் வேண்டும்.

பிறகு பேகம் பஜாரில் ஒரு மசாலா மொத்தக் கடையில் டெலிபோன் எடுக்கும் வேலை. விருதுநகர் வத்தல் வியாபாரி ஒரு காதில், குண்டூர் மிளகாய்க்காரர் இன்னொரு காதில், எதிரே கல்லாவில் முதலாளி. இருபது வருஷம். அங்கேதான் நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன்: காரத்தைக் குறைத்துப் பரிமாறுவது. "உன் முதலாளிக்குக் கண்ணு பின்னந்தலையிலயா இருக்கு?" என்று குண்டூர்க்காரர் கத்தினால், "எடையை இன்னொரு வாட்டி பார்க்கச் சொல்றார்" என்று முதலாளியிடம் சொல்வேன். முதலாளி திருப்பிக் கொடுக்கும் வசவு குண்டூர் போய்ச் சேரும்போது, "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றாகியிருக்கும். "அந்தம்மா நடுவில் இருந்தால் சண்டை வராது" என்று எனக்குப் பேர் வந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் தெலுங்கு அத்தை ஒரு சொலவடை சொல்வார்: நோரு மஞ்சிதைதே ஊரு மஞ்சிதி. வாய் நல்லதானால் ஊர் நல்லதாகும். அதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன், போன வருஷம் மழைக்கு முந்தி ஒரு நாள் கச்சிபௌலியில் அது என்னைக் கவிழ்க்கும்வரை.

பிரியாணி மசாலா செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி என்னை ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டது. இலங்கையிலிருந்து ஓர் அம்மா வருகிறார், தமிழும் சிங்களமும்தான் தெரியும், நீ நடுவில் உட்கார வேண்டும் என்றார்கள். விஷயம் இதுதான். நம் ஊர் பிரியாணியில் கிடக்கும் பட்டை தடியானது. வியட்நாம், சீனா என்று பல இடத்திலிருந்து வருவது. இலங்கைப் பட்டை காகிதம்போல மெல்லியது. அங்கே அதைக் கறுவா என்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அதன் மேல்தான் மோகம். அதனால் கம்பெனி அந்த நாட்டிலேயே பணம் போட்டு, பட்டையை வெட்டி, அரைத்து, பொட்டலம் கட்டும் ஓர் ஆலையைத் தொடங்கப் பார்த்தது. பட்டை தரப்போவது தெற்கே மலையடிவாரத்தில் உள்ள சிறு விவசாயிகள் சங்கம். சிங்களக் குடும்பங்களும் தோட்டத் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்த சங்கம். அதன் செயலாளர்தான் வந்த அம்மா. ஒரு டிக்கெட்டுக்குத்தான் வசதி இருந்ததால் தனியாக வந்திருந்தார்.

காலையில் செகந்திராபாத் லாட்ஜிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். மடியில் குறுக்காக ஒரு நீளத் துணி மூட்டை, மூன்றரை அடி. ஒரு முனை கார்க் கதவை இடித்தது, மறுமுனை என் விலாவை.

"கியா ஹை அம்மா, பந்தூக்கா?" என்றான் டிரைவர்.

"துப்பாக்கி இல்லப்பா, பட்டை" என்றேன்.

"இத்தனை நீளமா? இதை எந்த பிரியாணி டேக்சால போடுறது, குளத்துலயா?"

நான் அதைத் தமிழில் சொன்னதும் அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவையும், பிறகு இன்னொரு தடவையும்தான். அந்த இன்னொரு சிரிப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி இருந்த கச்சிபௌலி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"மழை விழுந்தாத்தான் அக்கா பட்டை உரியும். காஞ்ச கொப்புல கத்தி ஓடாது. ஆனா மழையில உரிச்சத எங்க காயப்போடுறது? எங்களுக்கு ஒரு காயப்போடுற கொட்டகை இருந்துச்சு. போன மழையில கூரை இறங்கிருச்சு. இப்ப பாதிப் பேரு உரிக்காம, கொப்பக் கொப்பா வெட்டி யாவாரிக்கிட்ட போடுறாங்க. அவன் சொல்றதுதான் வெல. இந்த மழைக்கும் கூரை இல்லாட்டி மீதிப் பேரும் போயிருவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சங்கம் எங்க இருக்கு? போர்டு மட்டுந்தான் இருக்கும். நாளைக்கு விடிய பிளேன். கையெழுத்து இல்லாம எறங்குனா, சங்கத் தலைவர் ஐயா மொகத்த எப்படிப் பாப்பேன்?"

எனக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. உப்பு அவர்களுடையது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டாவது மாடி. கண்ணாடி மேஜை, கண்ணாடிச் சுவர், எலும்பு வரை இறங்கும் ஏசி. கம்பெனி முதலாளி அறுபதைத் தாண்டியவர். ஒரு மாவு மில்லில் தொடங்கி இவ்வளவு தூரம் ஏறியவர், பேச்சு தக்கனி. பக்கத்தில் கொள்முதல் மேனேஜர். முப்பத்தைந்து வயசு, லேப்டாப், தெலுங்கு. மேஜை நடுவில் அலங்காரத்துக்குக் கண்ணாடி ஜாடிகளில் ஏலம், கிராம்பு, நம் தடிப் பட்டை.

மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே என்னிடம் தெலுங்கில் சொன்னார்: "திவாலான நாடு. அங்கே நம்ம பணத்தைக் கொட்டறோம். நாளைக்குக் கதவைச் சாத்திட்டா யாரைப் பிடிக்கறது? கேளுங்க."

நான் தமிழில் சொன்னேன்: "கஷ்ட காலத்தைத் தாண்டி வந்திருக்கீங்க. எங்க பணத்துக்குப் பாதுகாப்பு என்னன்னு கேக்கறார்."

அந்த அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். நிலம் சங்கத்தின் பேரில் இருக்கிறது, பத்திரம் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு ஜாடியைப் பார்த்தார். "இதையா அக்கா இங்க பட்டைங்கிறாங்க? மரத்தோலு. எங்க பக்கம் அடுப்புல வைக்கக்கூட யோசிப்பாங்க."

"நம்ம பட்டை கொஞ்சம் தடிமன் ஜாஸ்தின்னு சொல்றாங்க" என்றேன் அந்தப் பக்கம். முதலாளி தலையாட்டினார். எல்லாம் நன்றாகப் போனது. எனக்கு என் மேலேயே ஒரு பெருமை.

பிறகு சிக்கலான இடம் வந்தது. ஆலை நாங்கள் போடுகிறோம், அதனால் சங்கத்தின் பட்டை முழுக்க எங்களுக்கே, வெளியே ஒரு குச்சி போகக்கூடாது என்றார் முதலாளி. அந்த அம்மா விரல்களைக் கோத்துக்கொண்டார். முதலாளி சாய்ந்து உட்கார்ந்து ஒரு பழமொழியை எடுத்துவிட்டார்: "ஒட்டகக்காரனோட சிநேகம் வெச்சா வீட்டு வாசலை உசத்திக் கட்டணும் அம்மா."

பழமொழிக்கு மட்டும் நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. அப்படியே கொடுத்தேன். அந்த அம்மா கோத்த விரல்களைப் பிரித்தார்.

"வாசல உசத்தலாம் அக்கா. கூரையையே உசத்தலாம். ஆனா தாப்பாள் எங்க பக்கம் இருக்கணும்னு சொல்லுங்க."

சொன்னேன். முதலாளி மேஜையைத் தட்டினார். "வாஹ்! ஒட்டகத்தைக் கட்டிப்போடற ஆளு இது. சரி, பாதி அவங்க இஷ்டத்துக்கு விக்கலாமான்னு யோசிப்போம். மொதல்ல சரக்கைக் காட்டச் சொல்லு."

மூட்டை பிரிந்தது. அறை முழுக்க மணம். பழுப்புத் தங்க நிறத்தில் விரல் பருமன் குழல்கள், ஒவ்வொன்றும் மூன்றரை அடி. மேனேஜர் ஒன்றை எடுத்தார், முழங்காலில் வைத்து விறகுபோல முறித்தார்.

குழலுக்குள்ளிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் கண்ணாடி மேஜையில் சடசடவென்று கொட்டின. நகம் அளவு, விரல் அளவு, ஒழுங்கில்லாத துண்டுகள். எல்லோரும் அதையே பார்த்தோம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. அது கத்தலைவிட மோசம். "லோபல செத்த. மேலே பட்டை, உள்ளே குப்பை. எடைக்கு அடைச்சிருக்காங்க. எத்தனை வருஷமா இப்படி மோசடி பண்றாங்கன்னு கேளுங்க."

என் வாய் பழகிய வாய். யோசிக்காமல் வேலை செய்தது. "உள்ளே சின்னச் சின்னத் துண்டா இருக்கே, இது எப்பவும் இப்படித்தானான்னு கேக்கறார்."

அப்போதுதான் அந்த இரண்டாவது சிரிப்பு. காலையிலிருந்து பணம், பத்திரம், சட்டம் என்றே போன பேச்சில் முதல் தடவையாக யாரோ அவர் கைவேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். முகமே மலர்ந்துவிட்டது.

"ஆமா அக்கா, எப்பவும் இப்படித்தான்! எங்க ஊரு பூரா இப்படித்தான் அடைப்பாங்க. நல்லா நெருக்கி அடைக்கத் தெரிஞ்ச கைக்குத்தான் கூலி கூட."

இதில் குறைக்க ஒரு காரமும் இல்லை. அப்படியே, ஒரு சொல் தள்ளாமல், தக்கனியில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எத்தனை வருஷமாக மோசடி என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். எப்பவும்தான், ஊர் பூராவும்தான், நன்றாக மோசடி செய்கிறவனுக்குக் கூலி அதிகம் என்று சிரித்துக்கொண்டே பதில் போயிருக்கிறது.

லேப்டாப் மூடிய சத்தம் கேட்டது. முதலாளி சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேகம் பஜார்ல நாப்பது வருஷம் பாத்திருக்கேன்" என்றார். "மூட்டை நடுவுல மட்டச் சரக்கு வெக்கறவன், மாட்டினா புள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவான். சிரிக்கறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன். நக்கோ, வேணாம். சாயா குடிச்சிட்டுப் போகச் சொல்லு." எழுந்துவிட்டார்.

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, போவதா இருப்பதா என்று தெரியாமல். என் முழங்கையைப் பிடித்தார். "என்னக்கா? ஏன் எந்திரிச்சிட்டாரு? நான் என்ன சொன்னேன்?"

அந்த நேரத்தில் என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. சொல்லிவிடுகிறேன், ஒளிக்கவில்லை. 'வேற அவசர வேலையாம், போன்ல பேசிக்கலாம்னு சொல்றார்' என்பதே அந்த வாக்கியம். இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது. என் பேர் கெடாது. அவர் நாளைக்கு விமானம் ஏறி, ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் ஊர் போய்ச் சேர்வார். மழை வரும்.

முதலாளி கதவுக்கருகில் போய்விட்டார்.

"ஸாப், நில்லுங்க. தப்பு அவங்களது இல்ல. என்னுது."

அவர் திரும்பவில்லை, ஆனால் நின்றார். முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "மேனேஜர் சார் மோசடின்னு கேட்டார். நான் அந்தச் சொல்லை அவங்ககிட்ட சொல்லவே இல்ல. எப்பவும் இப்படித்தானான்னு மட்டும் கேட்டேன். அவங்க வேலையைப் பத்திச் சொன்னாங்க. அது ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"கைக்கு?" என்றார். தக்கனியில் ஏன் என்று அர்த்தம். "கைக்கு அம்மா? எதுக்கு மாத்தினே?"

"சண்டை வரக்கூடாதுன்னுதான் ஸாப்."

இப்போது திரும்பினார். "சண்டை என்னுது. என் சண்டையை எடுத்து நீ மடியில கட்டிக்கிட்டா, நான் எதை வெச்சு வியாபாரம் பண்றது?" திரும்பி வந்து நாற்காலியை இழுத்தார். "காலைலேர்ந்து வேற என்னென்ன மாத்தினே? எல்லாத்தையும் இப்ப சொல்லு. ரெண்டு பக்கமும்."

என் ஐம்பத்து நான்கு வயசில் அப்படி ஒரு கால்மணி நேரம் எனக்கு வந்ததில்லை. பரிமாறிய இலையைத் திரும்ப எடுத்து, விட்டுப்போன மிளகாயை ஒவ்வொன்றாக வைப்பதுபோல. அந்த அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் நாட்டைத் திவாலான நாடு என்றார்கள். இதை மோசடி, குப்பை என்றார்கள். அந்தப் பக்கம் சொன்னேன்: உங்கள் ஜாடியில் இருப்பதை மரத்தோல் என்றார், அடுப்புக்குக்கூட ஆகாது என்றார்.

மேனேஜர் ஜாடியைப் பார்த்தார். முதலாளியின் மீசை துடித்தது. கோபமா வேறெதுவுமா தெரியவில்லை. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மேனேஜரைப் பார்த்தே பேசினார்.

"திவாலானது நாடு சார். நாங்க ஆகல. பெட்ரோலுக்கு வண்டி ரோட்ல நின்ன நாள்லயும் நாங்க பட்டை உரிச்சோம். அக்கா, இதுல ஒரு எழுத்து கொறைக்காம சொல்லுங்க."

குறைக்கவில்லை.

"மோசடின்னாரா? சரி. பென்சில் ஒண்ணு குடுங்க."

ஒரு குழலை எடுத்து, பென்சிலால் உள்ளிருந்த துண்டுகளை நோகாமல் தள்ளி வெளியே எடுத்தார். வெறும் கூடாக நின்றதை மேனேஜர் கையில் கொடுத்தார். "அமுக்குங்க சார். லேசா." அவர் அமுக்கினார். அப்பளம்போல நொறுங்கி மேஜை முழுக்கச் செதிலாக உதிர்ந்தது. அடைத்த குழல் ஒன்றைக் கொடுத்தார். "இத அமுக்குங்க." அது நின்றது.

"அகலப் பட்டை வெளிய, அதே கொப்புல ஒதுங்குன சின்னப் பட்டை உள்ள. பச்சையா இருக்கப்பவே அடைச்சு, நெழல்ல காயவச்சு, காயக் காய உருட்டுவோம். உள்ள எலும்பு இல்லாட்டி மேல தோலு எப்படி நிக்கும்? வெறுங்கூடா அனுப்புனா கப்பல்லயே மாவாயிரும். நீங்க மெதுவா வெட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வெறகு மாதிரி முறிச்சீங்க."

கடைசி வரியையும் சொன்னேன். மேனேஜரின் காது சிவந்தது.

முதலாளி மேஜையில் கொட்டியிருந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நொறுங்கிய மேல் கூட்டிலிருந்து ஒரு செதிலை எடுத்து அதையும் மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாவின் கை பென்சிலை விடவே இல்லை.

"ஹவ், ஆமா" என்றார் கடைசியில். "ரெண்டும் ஒண்ணுதான்."

"நாக்கை வெச்சு நான் எழுதித்தர முடியாது சார்" என்றார் மேனேஜர். "லேப்ல பாக்கணும்."

"பாருங்க" என்றார் அந்த அம்மா. "பாக்க வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? கேட்டிருந்தா காலைலயே சொல்லிருப்பேன்." கேட்டிருந்தா என்றபோது ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த மொழியிலும் நான் குறைத்துச் சொல்ல முடியாது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. முதலாளி வியாபாரி. எழுந்து போன நம்பிக்கை திரும்பி வந்தால் நொண்டிக்கொண்டுதான் வரும் என்றார். ஆலை இப்போது வேண்டாம். லேப் முடிவு வரட்டும், ஒரு மழைக்காலச் சரக்கு வரட்டும், அப்புறம் பேசலாம். இப்போதைக்குக் காயப்போடும் கொட்டகைக்குக் கூரை மட்டும் மழைக்கு முன் கம்பெனி போட்டுத்தரும். பாதிப் பட்டை கம்பெனிக்கு, மறுபாதி சங்கத்தின் இஷ்டம். "தாப்பாள் உங்க பக்கம்னு சொல்லு" என்றார் என்னிடம். "அப்படியே சொல்லு."

ஒப்பந்தத்தை நான் வரிவரியாகத் தமிழில் படிக்க வேண்டும், அந்த அம்மா தனக்கு என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அதை நான் மறுபடி தக்கனியில் சொல்ல வேண்டும், சரியாக இருந்தால்தான் அடுத்த வரி என்று முதலாளி வைத்தார். இரண்டு மணி நேரம். சாப்பாடு ஆறிப்போனது. 'சரக்கில் குறை கண்டால் கம்பெனியின் முடிவே இறுதி' என்று ஒரு வரி வந்தது. காலை நேரமாக இருந்தால் அதை நான் 'குறை இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று படித்திருப்பேன். இப்போது இருந்தது இருந்தபடி படித்தேன்.

"இது ஆகாது" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் மல்லுக்கு நின்றார். அவரும் மல்லுக்கு நின்றார். நடுவில் நான், இரண்டு பக்கத்துக் காரத்தையும் சிந்தாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். என் வாய் எரிந்தது, நிஜமாகவே. கடைசியில் இரண்டு நாட்டு லேபிலும் பார்ப்பது என்று அந்த வரி மாறியது. அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

எதிர் குவார்ட்டர்ஸ் அத்தை சொன்னது பொய்யில்லை. ஆனால் யாருடைய வாய் என்று அத்தையும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

கீழே இறங்கி வண்டிக்குக் காத்திருந்தோம். ஷட்டில் பஸ்கள், ஹாரன், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கூட்டம். அவர் மூட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலைவருக்குப் போன் போட்டார். சிங்களத்தில் பேசினார். என் வாழ்க்கையில் பக்கத்தில் நின்று ஒரு சொல்கூடப் புரியாமல் கேட்ட பேச்சு அதுதான். குறைக்கவும் கூட்டவும் எனக்கு அங்கே ஒன்றுமில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமாகச் சொன்னார். நிறுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சின்னதாக ஒரு கேள்வி. இவர் ஒரே சொல்லில் பதில் சொல்லிப் போனை வைத்தார்.

கேட்கலாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன். "என்னம்மா சொன்னார்?"

"ஆலை இப்ப இல்ல, கூரை மட்டுந்தான்னு சொன்னேன்." மூட்டையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அப்புறம், மழைக்கு முன்னாடியான்னு கேட்டாரு."

"நீங்க?"

"ஆமான்னேன்."

கார் வந்தது. அதே டிரைவர். மூட்டையின் முனையை இந்தத் தடவை அந்த அம்மா என் விலாவை இடிக்காமல் ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.